ஆடிட்டருக்குக் காசு கொடுப்பது யார்?

பல்கலைக்கழக ஆராய்ச்சியால் அரசாங்கத்தில் என்ன மாறிவிடப்போகிறது என்று யாராவது அலுத்துக்கொண்டால் நான் குஜராத் கதையைத்தான் சொல்வேன். அங்கே அதிகம் மாசுபடுத்தக்கூடிய ஆலைகள் ஆண்டுதோறும் வெளி ஆடிட்டரை வைத்துத் தாங்கள் விடும் மாசை அளந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அறிக்கை தரவேண்டும், உயர் நீதிமன்றம் 1996இல் போட்ட ஏற்பாடு. ஆரம்பத்தில் ஆடிட்டரைப் பிடித்ததும் ஆலை, காசு கொடுத்ததும் ஆலை. அறிக்கை எப்படி இருக்கும்?

2009இல் எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் ஆகிய பொருளியல் ஆய்வாளர்கள் நால்வரும் அந்த வாரியத்தோடு சேர்ந்தே அகமதாபாத், சூரத் பக்கம் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். பாதி ஆலைகளுக்கு ஆடிட்டரைக் குலுக்கல் போட்டு ஒதுக்கினார்கள்; கட்டணம் பொது நிதியிலிருந்து, எல்லாருக்கும் ஒரே தொகை; ஆடிட்டர் அளந்துவிட்டுப் போன இடங்களில் சிலவற்றை இன்னொரு குழு மறுபடி அளந்து பார்த்தது. மீதிப் பாதி பழையபடியே.

புகைபோக்கித் துகளுக்கு வரம்பு கன மீட்டருக்கு 150 மில்லிகிராம். பழைய முறை அறிக்கைகளை வரைபடமாகப் போட்டால் அளவீடுகள் அந்த 150க்குச் சற்றுக் கீழே வந்து கும்பலாக உட்கார்ந்திருக்கின்றன (சிரிக்காமல் பார்க்க முடியாது). 7 சதவீத ஆலைகள்தான் வரம்பை மீறுகின்றன என்றன அறிக்கைகள். மறுபடி அளந்தால் 59 சதவீதம். புதிய முறையில் பொய் வெகுவாகக் குறைந்தது, அதைவிட முக்கியம், ஆலைகள் விட்ட மாசும் குறைந்தது.

சரி, இது டீக்கடையில் கேட்டாலே தெரிந்திருக்குமே என்பீர்கள். தெரிந்திருக்கும்தான். ஆனால் 'ஊருக்கே தெரியும்' என்று எழுதி எந்த அதிகாரியும் ஃபைலை நகர்த்த முடியாது, அதிலும் எதிர்ப்பக்கம் ஆலை முதலாளிகள் இருக்கும்போது. அவர் கையில் ஒரு எண்ணும், தன் அலுவலகமே நடத்திப் பார்த்த ஒரு மாற்று வழியும் இருந்தால் பேச்சு வேறு. அப்படியும் ஆடிட்டரைக் குலுக்கலில் ஒதுக்கும் விதி வர 2015 ஆகிவிட்டது.

வாரியமும் ஆய்வாளர்களும் சேர்ந்து சோதித்துப் பார்க்கும் பழக்கம் அதோடு நிற்கவில்லை. 2019இல் சூரத்தில் துகள் மாசுக்கு உரிமச் சந்தை (மொத்த மாசுக்கு ஒரு வரம்பு, அதற்குள் மாசு விடும் உரிமத்தை ஆலைகள் தங்களுக்குள் வாங்கி விற்கலாம்) தொடங்கியபோதும் அதே வாரியம்தான், ஆய்வாளர்களிலும் பழைய முகங்கள். அதில் சேர்ந்த ஆலைகளின் துகள் மாசு 20 முதல் 30 சதவீதம் வரை குறைந்தது.