கடலையார் எழுதிய கடிதங்கள்

எங்கள் பள்ளிக்கூடத்து மலர்க்குழுத் தம்பி தொலைபேசியில் கேட்டது கிரிக்கெட் பற்றி. "ஐயா, உங்கட காலத்து பிக் மட்ச் பற்றி ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ." அந்த மட்ச் நடக்கும்போது நான் பந்தலுக்குப் பின்னால் நின்று கடலை தின்றுகொண்டிருந்தவன். கடலை என்றதும் எங்கள் லத்தீன் வகுப்புத்தான் நினைவுக்கு வந்தது. அதையே எழுதுகிறேன், தம்பி கோபிக்கக் கூடாது.

1958இல் லத்தீன் எடுத்தவர்கள் ஏழு பேர். சட்டம் படிக்க உதவும் என்று வீட்டார் பிடித்துத் தள்ளியவர்கள் ஐந்து பேர். மற்ற இருவரும் பௌதிகத்துக்குப் பயந்து ஓடிவந்தவர்கள். நான் எந்தப் பக்கம் என்று இப்போது சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

பாடப் புத்தகத்தில் ரோமின் பெரிய பேச்சாளர் சிசரோ. கி.மு. 63இல் ரோமின் மிக உயர்ந்த பதவியான கொன்சலாக இருந்தபோது, ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்த கத்திலினாவை நேருக்கு நேர் வைத்துப் பேசிய பேச்சு. "க்வோ ஊஸ்க்வே தாந்தெம்", இன்னும் எவ்வளவு காலத்துக்கு எங்கள் பொறுமையோடு விளையாடப்போகிறாய், கத்திலினா? பொருள் விளங்க முன்னரே வரி மனப்பாடமாகிவிட்டது. விடுதியில் தண்ணீராய் ஓடும் சொதி மேசைக்கு வரும்போதெல்லாம் அதை ஏழு பேரும் சேர்ந்து சொல்வோம்.

"சிசரோவைப் பெரிய ஆள் எண்டு பயப்பிடாதையுங்கோ," என்றார் மாஸ்டர். "அவற்றை பேரை லத்தீனில கிக்கெரோ எண்டுதான் சொல்லுறது, கிக்கேர் எண்டால் கொண்டைக்கடலை. பரம்பரையில ஆரோ ஒருத்தருக்கு மூக்கு நுனியில கடலை மாதிரி ஒரு பிளவு இருந்ததாம், அதால வந்த பேர்." அரசியலில் இறங்கும்போது பெயரை மாற்றச் சொன்னார்களாம் நண்பர்கள். மறுத்துவிட்டார். சிசிலியில் உத்தியோகம் பார்த்தபோது கோயிலுக்குக் கொடுத்த வெள்ளிப் பாத்திரத்தில் மார்க்கஸ், துல்லியஸ் என்ற முதலிரண்டு பெயர்களை எழுத்தில் பொறித்து, மூன்றாவதுக்கு ஒரு கடலையைச் செதுக்கச் சொன்னார் என்று அவர் வரலாற்றை எழுதிய கிரேக்கர் புளுட்டார்க் சொல்கிறார். அன்றிலிருந்து அவர் எங்களுக்குக் கடலையார்.

உண்மையைச் சொன்னால், பேச்சுக்களில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. நாட்டைக் காப்பாற்றியது தான்தான் என்று சொல்லிச் சொல்லி மாளாது. அந்தச் சதிகாரரில் ஐந்து பேரை விசாரணையில்லாமல் கொல்வித்ததே பிறகு அவர் கழுத்தைப் பிடித்தது. கி.மு. 58இல் நாடுகடத்தப்பட்டார், பலத்தீன் குன்றிலிருந்த வீட்டையும் இடித்தார்கள்.

வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடத்தில் மாஸ்டர் பாடப் புத்தகத்தை மூடிவிட்டு, தன் பையிலிருந்து சிவப்பு மட்டைப் புத்தகம் ஒன்றை எடுப்பார். நண்பர் அட்டிக்கசுக்குச் சிசரோ எழுதிய கடிதங்கள். சோதனைக்கு வராது. ஆனால் கடலையார் எனக்கு மனிதரானது அங்கேதான்.

கி.மு. 51. ஆளுநராகச் சிலிசியா என்ற மாகாணத்துக்குச் சிசரோ போகும் வழியில் தம்பி குவிந்துசின் தோட்டத்தில் பகல் சாப்பாட்டுக்கு நிற்கிறார்கள். தம்பியின் மனைவி பொம்போனியா அட்டிக்கசின் சொந்தச் சகோதரி. குவிந்துஸ் நல்ல தன்மையாகத்தான் சொல்கிறார், "பெண்களை நீ அழை, ஆண்களை நான் கூப்பிடுகிறேன்." அந்த அம்மாவின் பதில்: "நானே இங்கே விருந்தாளிதானே!" சாப்பாட்டு ஏற்பாட்டைக் கவனிக்கத் தன்னை விட்டுவிட்டு ஒரு வேலையாளை முன்கூட்டி அனுப்பிவிட்டார்கள் என்ற கோபம். குவிந்துஸ் அண்ணன் பக்கம் திரும்பி, "பார், ஒவ்வொரு நாளும் எனக்கு இதுதான்" என்கிறார். அம்மா பந்திக்கு வரவில்லை. சாப்பாடு அனுப்பினால் அது திரும்பி வந்தது.

மாஸ்டர் இதை வாசித்து முடித்தபோது எங்களில் ஒருவன், "சேர், இது எங்கட பெரியம்மா வீடு," என்றான். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. பெண்ணின் சகோதரனுக்கே இதை எழுதுகிறார் சிசரோ, அதுவும் தன் தம்பியிடம் பிழையே இல்லை என்று சாதித்து! பொம்போனியா பக்க நியாயத்தை யாரும் எழுதி வைக்கவில்லை.

கி.மு. 45இல் மகள் துல்லியா இறந்த பிறகு வந்த கடிதங்களை மாஸ்டர் ஒரே தொனியில், நிறுத்தாமல் வாசிப்பார். காலையில் அடர்ந்த காட்டுக்குள் போய் ஒளிந்தால் மாலைவரை வெளியே வருவதில்லை, பேச்சுத் துணை புத்தகம்தான், அதையும் அழுகை குறுக்கிடுகிறது என்று அஸ்துரா என்ற கடற்கரை ஊரிலிருந்து எழுதுகிறார் சிசரோ. அன்று மணி அடித்தும் ஒருவரும் எழும்பவில்லை.

அந்தக் கடிதங்களை வெரோனாவில் 1345இல் கண்டெடுத்த இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க், தான் வணங்கிய அறிஞர் இப்படித் தடுமாறும் மனிதரா என்று மனம் நொந்து, செத்து ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேலான சிசரோவுக்கே ஒரு கடிதம் எழுதினார். எனக்கு நேர்மாறு. கி.மு. 43 டிசம்பரில் அரசியல் எதிரி அந்தோணியின் ஆட்கள் சிசரோவைக் கொன்று, தலையையும் கையையும் ரோமின் பேச்சு மேடையில் வைத்த கதையை மாஸ்டர் இரண்டே வசனத்தில் சொன்னபோது, வீட்டுக்குத் தெரிந்த ஒருவர் போன மாதிரி இருந்தது.

ரோமர் கடிதத்தின் தலைப்பில் ஆறு எழுத்துப் போடுவார்கள். ஆறு சொற்களின் முதலெழுத்துகள்: நீ நலமென்றால் நல்லது, நான் நலம். "நலம், நலமறிய அவா எண்டு உங்கட அம்மா எழுதிறதுதான்," என்றார் மாஸ்டர்.

1964இல் நான் லண்டனுக்குக் கப்பலேற முன் விடைபெறப் போனேன். கடிதம் போடு என்றார். என்னத்தை எழுதுவது சேர் என்று கேட்டேன். அட்டிக்கசுக்குச் சிசரோ சொன்னதையே சொன்னார்: விஷயம் ஒன்றுமில்லாவிட்டால் வாயில் வருவதை எழுது.

அவர் எனக்குப் போட்டதில் பதினொரு வான்கடிதங்கள் இன்னும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் மேலே அந்த ஆறு எழுத்து, கீழே மழை, பனங்கிழங்கு விலை, யாருக்குக் கலியாணம் என்ற புதினம். அட்டிக்கஸ் எழுதிய பதில்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நான் மாஸ்டருக்கு எழுதியவையும் அப்படித்தான், அவருடைய வீட்டோடு போய்விட்டன. அவற்றில் என்ன எழுதினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். குளிரைப் பற்றி நிறைய எழுதியிருப்பேன்.