பூ உதிர்ந்த பிறகு கியோத்தோ

நான் போய் இறங்கிய அன்று கியோத்தோவில் செர்ரி மரங்களில் பூ இல்லை. ஏப்ரல் 27. "அக்கா, பூ பார்க்கணும்னா முதல் வாரத்துலயே வந்திருக்கணும்" என்று ஓசாகாவில் வேலை பார்க்கும் சித்தி மகள் போனிலேயே சொல்லியிருந்தாள். எனக்கு லீவு கிடைத்தது அப்போதுதான். காமோ ஆற்றங்கரை முழுக்கப் பச்சைப் பசேலென்று இளந்தளிர். பூ கொட்டித் தளிர் விட்ட மரத்துக்கும் அவர்கள் 'ஹாசகுரா' என்று ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். இலைச் சாகுரா. சாகுரா என்றால் செர்ரிப் பூ.

வசந்தம் முடிந்துவிட்டது என்ற வருத்தத்தோடுதான் முதல் நாள் ராத்திரி படுத்தேன். நான்கு நாள் கழித்துக் கிளம்பும்போது, பூ இருந்திருந்தால் இதில் பாதியைப் பார்த்திருக்க மாட்டேன் என்று தோன்றியது. பூ ஒரு வாரம்தான். ஏப்ரல் கடைசியில் அந்த ஊர் கையாலும் காலாலும் செய்து காட்டுவது அதைவிட எவ்வளவோ பெரிது.

மறுநாள் காலை நானும் தங்கையும் யூசென் சாயப் பட்டறைக்குப் போனோம். யூசென் என்பது கிமோனோத் துணியில் படம் எழுதுகிற கலை. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கியோத்தோவில் விசிறிக்குப் படம் எழுதிக்கொண்டிருந்த மியாசாகி யூசென்சாய் என்பவரின் பேரால் வந்தது. ஒட்டரிசி மாவும் தவிடும் சேர்த்து வேகவைத்த பசையைக் கூம்பில் அடைத்து, மருதாணிக் கோன் பிடிப்பது போலப் பிடித்துத் துணியில் கோடு இழுப்பார்கள். பசை இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. ஒரு நிறம் பக்கத்து நிறத்தோடு கலக்காமல் அந்தக் கோடுதான் காவல் நிற்கும். கடைசியில் பசையை அலசி எடுத்தால் அங்கே மெல்லிய வெள்ளைக் கோடு மிஞ்சும். ஒரு காலத்தில் அந்த அலசல் காமோ ஆற்றிலேயே நடந்ததாம். நீளத் துணிகள் ஆற்றோட்டத்தில் மிதக்கும் பழைய படம் ஒன்று பட்டறைச் சுவரில் இருந்தது.

அது பல வருடம் பழக வேண்டிய வேலை. எங்களைப் போல ஒரு மணி நேரத்துக்கு வருகிறவர்களுக்கு அச்சுத்தாள் முறை. காகிதத்தைப் பல அடுக்காக ஒட்டி, காக்கி என்ற பழத்தின் துவர்ப்புச் சாற்றில் ஊறவைத்து, விறைப்பாக்கி, அதில் படத்தை வெட்டியெடுத்த தாள். தொட்டால் தோல் மாதிரி இருக்கிறது. எனக்குக் கிடைத்தது கொத்துக் கொத்தாய்த் தொங்கும் ஊதாப் பூ. ஒரே கைக்குட்டைக்கு ஐந்து தாள்கள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஊசி முனை அளவுக்கு ஓட்டை. அதற்கு 'ஹோஷி', அதாவது நட்சத்திரம் என்று பேர். முதல் தாளின் நட்சத்திரத்தின் மேல் அடுத்த தாளின் நட்சத்திரம் சரியாக உட்கார வேண்டும். ஒரு நூல் விலகினாலும் இதழ் ஒரு பக்கம், நிழல் ஒரு பக்கம் ஆகிவிடும்.

பிரஷ் மான் முடியில் செய்தது. குட்டையாக, உருண்டையாக இருக்கும். சாயத்தில் தொட்டதும் சொல்லிக்கொடுத்த அம்மா அதைப் பழைய துணியில் தேய், தேய் என்று தேய்த்தார். ஏறக்குறைய காய்ந்தே போய்விட்டது. இதில் என்ன நிறம் வரும் என்று நினைத்தேன். அவர் மணிக்கட்டை மட்டும் அசைத்துச் சின்ன வட்டமாகச் சுற்றச் சுற்ற, புகை படிகிற மாதிரி ஊதா மெல்ல மெல்ல ஏறியது. ஓரத்தில் அடர்த்தி, நடுவில் ஒன்றுமே இல்லாத மாதிரி. மூன்றாவது தாளில் நான் அவசரப்பட்டேன். பிரஷில் ஈரம் மிச்சமிருந்து, சாயம் தாளுக்கு அடியில் கசிந்து ஒரு இதழின் விளிம்பு கலைந்துவிட்டது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான்காவது தாளை வைத்து, கசிந்த இடத்துக்குப் பக்கத்து இலையை மட்டும் கொஞ்சம் அழுத்தமாக்கினார். கலங்கல் இலையின் நிழலுக்குள் போய்விட்டது.

எந்த ஊர் என்று கேட்டார். "இந்தியா, சென்னை" என்றாள் தங்கை. சென்னையில் எங்கே என்பதும் வர, நான் மந்தைவெளி என்று சொல்லி, அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று, "சாந்தோம் சர்ச் பக்கம்" என்றேன். "சாந்தோமே?" என்று அவர் நிமிர்ந்து பார்த்தார். எழுந்து உள்ளே போய்த் துணி மாதிரிகள் ஒட்டிய பழைய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். கருநீலத்தில் சிவப்பும் பழுப்புமாய் மெல்லிய கோடுகள் ஓடும் பருத்தித் துணி, ஒரு தீப்பெட்டி அளவுக்கு. அதன் பேர் சாந்தோமே-ஜிமா. ஜிமா என்றால் வரி. போர்த்துக்கீசியர் மயிலாப்பூரில் வைத்த சாந்தோம் என்ற பேர்தான். சோழமண்டலக் கரையில் நெய்த வரித்துணி போர்த்துக்கீசியக் கப்பலிலும், பிறகு நாகசாகிக்கு வந்த டச்சுக் கப்பலிலும் ஜப்பானுக்குப் போயிருக்கிறது. எடோ காலத்து, அதாவது 17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரையிலான, ஜப்பானியர்கள் அதை ஆசை ஆசையாய் உடுத்தியிருக்கிறார்கள். பின்னால் அவர்களே அதே மாதிரி நெய்து அதே பேரில் விற்கவும் செய்தார்களாம்.

நான் தினம் பஸ்ஸில் கடந்து போன தெரு அது. நம் நெசவாளிகளின் வேலைக்கு ஒரு ஜப்பானியச் சொல்லே பிறந்திருக்கிறது. அது எனக்கு நாற்பது வயதுக்கு மேல், கியோத்தோவில் தெரியவந்தது. யார் நெய்தது என்பது எந்த நோட்டிலும் இருக்காது. தொடலாமா என்று கேட்டு, ஒரு விரலால் தொட்டுப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் கியோத்தோகிராஃபி. 2013-இலிருந்து பெரும்பாலும் வசந்தத்தில் நடக்கிற புகைப்பட விழா. படங்களைவிட அவற்றை மாட்டியிருக்கும் இடங்கள்தான் என்னை இழுத்தன. பழைய வணிகர் வீடுகள், கோயில்கள் என்று ஊர் முழுக்கச் சிதறி வைத்திருக்கிறார்கள். வாசல் குறுகி உள்ளே நீண்டுகொண்டே போகும் அந்த வீடுகளுக்கு 'விலாங்கின் படுக்கை' என்று பேர். இரண்டு வீடு பார்ப்பதற்குள் கால் வலி வந்துவிட்டது. ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

30-ஆம் தேதி மியாகோ ஒதோரியின் கடைசி நாள். கியோன் பகுதியின் கெய்கோ, மைகோ பெண்கள் ஏப்ரல் முழுக்க ஆடும் நடனம். கெய்கோ என்றால் கியோத்தோவின் கெய்ஷா, மைகோ என்றால் அதற்குப் பயிலும் இளம்பெண். 1869-இல் பேரரசர் தோக்கியோவுக்குக் குடிபோனதும் ஆயிரம் வருடத் தலைநகரம் களையிழந்து போனது. ஊரைத் தூக்கி நிறுத்தப் பொருட்காட்சி நடத்தினார்கள். 1872-இல் அதையொட்டித் தொடங்கியதுதான் இது. முதல் நடனத்தை அமைத்தவர் மூன்றாம் இனோவே யாச்சியோ. இன்றும் அதே இனோவே மரபுதான். திரைக்குப் பின்னாலிருந்து "மியாகோ ஒதோரி வா..." என்று ஒரு குரல். "யோ-இ யாசா!" என்று பெண்கள் எல்லோரும் பதில் சொல்லிக்கொண்டே அரங்கின் இரண்டு பக்கப் பாதைகளிலும் நீலக் கிமோனோவில் வரிசையாய் வருவார்கள். ஒரு மணி நேரம், திரை ஒருமுறைகூட விழாது. வெளிச்சமும் பின்னணியும் மாறி மாறிப் பருவங்கள் ஓடி, முடிவில் மேடை முழுக்கச் சாகுரா. நான் தவறவிட்ட பூவை அங்கே பார்த்துக்கொண்டேன். டிக்கெட்டை முன்பே வாங்கிவிடுவது நல்லது.

29-ஆம் தேதியைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. மிபு கோயிலின் கியோகென் என்ற நாடகம், வசந்தத்தில் ஏப்ரல் 29 முதல் மே 5 வரை. 1300-இல் என்காகு என்ற துறவி தொடங்கியதாகச் சொல்கிறார்கள். திரண்ட கூட்டத்துக்குத் தன் குரல் எட்டாது என்பதால் நடிப்பிலேயே தர்மத்தைச் சொல்லவைத்தாராம். எல்லோருக்கும் முகமூடி. வாயே திறப்பதில்லை. சேகண்டி, மேளம், புல்லாங்குழல் மட்டும். அந்த ஓசையாலேயே ஊர்க்காரர்கள் இதை 'கான்தென்தென்' என்று கூப்பிடுகிறார்கள். ஆடுகிறவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். ஆபீஸ் போகிறவர், கடை வைத்திருப்பவர், பள்ளிப் பிள்ளைகள் என்று அந்த வட்டாரத்து மனிதர்கள். படம் எடுக்கக் கூடாது. அதுவும் நல்லதாகப் போயிற்று. எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள்.

முதல் ஆட்டம் சட்டி உடைப்பது. சந்தையில் முதலில் கடை போடுபவருக்கு வரி இல்லை என்று அறிவிப்பு. மேளம் விற்பவன் முதலில் வந்து தூங்கிவிடுகிறான். சட்டி விற்பவன் அவன் இடத்தைத் திருடிக்கொள்கிறான். தங்கைக்கு மொழிபெயர்க்க வேலையே இல்லை. பக்கத்துப் பாட்டி சிரித்த இடத்திலேயே நானும் சிரித்தேன்.

மேடை மாடி உயரத்தில் இருக்கிறது. அதன் விளிம்பில் மண் நிறச் சட்டிகளை நூற்றுக்கணக்கில் உயர உயர அடுக்கியிருந்தார்கள். பிப்ரவரி செத்சுபுன் விழாவுக்கு வந்தவர்கள் தங்கள் பேரும் வேண்டுதலும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன சட்டிகள். உடைந்தால் கெட்டது போய்விடும் என்பது நம்பிக்கை. மேளக்காரன் முதல் அடுக்கில் கை வைத்ததும் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. தள்ளினான். சடசடவென்று கீழே போய் நொறுங்கியது. அடுத்தது, அதற்கடுத்தது. செம்மண் புழுதி எழும்பி எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த எங்கள்வரை வந்தது. பாட்டி கைகூப்பியிருந்தார். எனக்கும் கை தானாகக் கூடியது.

வரும்போது தங்கையிடம் சொல்லிவிட்டு வந்தேன், அடுத்த பிப்ரவரியில் என் பேருக்கும் ஒரு சட்டி வாங்கி எழுதிவிடு என்று. போன மாதம் படம் அனுப்பினாள். மையில் குண்டு குண்டாய்த் தமிழிலேயே எழுதியிருக்கிறாள், அக்காவுக்கு முழங்கால் வலி போகணும் என்று. இந்த ஏப்ரல் கடைசியில் அதைத் தள்ளி உடைப்பார்கள்.