"முடியும்ணா"

ஆம்புலன்ஸில் எங்களோடு புதிதாகச் சேர்ந்திருந்தவள், இதயம் நின்றுபோன ஒருவரின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். "கை மாத்திக்கலாமா?" என்று கேட்டேன். "வேண்டாம்ணா, முடியும்" என்றாள். சரியென்று விட்டுவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் வகுப்பில் நான் சொல்லிக்கொடுப்பது வேறு. நெஞ்சை அழுத்துகிறவரிடம் "களைச்சுட்டீங்களா" என்று கேட்கவே கூடாது. இரண்டு நிமிடம் ஆனால் ஆளை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுசாக மேலெழ விட வேண்டும். ஒரு நிமிடம் தாண்டும்போதே ஆழம் குறையத் தொடங்கிவிடும். அழுத்துகிறவருக்கு அது தெரியாது, நன்றாகத்தான் அழுத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். பயிற்சிப் பொம்மையாவது சரியான ஆழத்துக்குப் போனால் 'டிக்' என்று சொல்லும். மனித நெஞ்சு ஒன்றும் சொல்லாது.

அன்றைக்கு ஏஇடி (தேவைப்பட்டால் இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் கருவி) "நோயாளியைத் தொடாதீர்கள்" என்று சொல்லி இதயத்துடிப்பை ஆராய்ந்துகொண்டிருந்த அந்தச் சில நொடிகள்தான் ஆளை மாற்றத் தோதான நேரம். நான் தலைமாட்டில், மாஸ்க் வழியாகக் கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் அம்பு பேக்கோடு இருந்தேன். ஓட்டுநர் ஸ்ட்ரெச்சர் எடுக்கப் போயிருந்தார். இடம் மாறினால் மாஸ்க்கை அவள் பிடிக்க வேண்டும். காற்றுக் கசியாமல் பிடிக்க அவளுக்கு இன்னும் பழக்கமில்லை. அதனால்தான் விட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பொய்யில்லை. ஆனால் அது அவளுடைய முதல் அழைப்பு, சுற்றிலும் வீட்டார் நிற்கிறார்கள், அவர்கள் எதிரில் அவளை எழுப்பிவிட மனசு வரவில்லை என்பதும் உண்மை. எது முன்னால் தோன்றியது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்த சுற்றில், நேராக இருக்க வேண்டிய அவள் முழங்கை மடங்கியது. பார்த்தேன். ஓட்டுநர் வந்து கைமாற்றும் வரை அப்படியே போனது.

நோயாளி பிழைக்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே வெகுநேரம் யாரும் நெஞ்சில் கை வைக்காமல் கிடந்திருக்கிறார். அந்த ஒரு சுற்றால் எதுவும் மாறியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். மாறியிருக்காது என்பதற்காக அதைச் சரி என்று சொல்லிவிட முடியுமா?

திரும்பி வந்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்: "கடைசில சரியா அழுத்தினேனாண்ணா?"

"நல்லாத்தான் பண்ணே."

என்னைக் கேட்டால், வகுப்பைவிட இந்தத் துடைக்கிற நேரத்தில்தான் ஒருவர் உண்மையில் கற்றுக்கொள்கிறார். அதை நான் கெடுத்தேன். முதல் சாவைப் பார்த்துவிட்டு வந்தவளிடம் முழங்கையைப் பற்றிப் பேச வேண்டுமா என்றும் தோன்றுகிறது. மறுநாள் பேசியிருக்கலாம். அந்த மறுநாள் வரவே இல்லை.

இப்போது அவள் புதியவர்களுக்கு வகுப்பெடுக்கிறாள். போன முறை பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா மாத்தணும். ஆனா தெம்பு இருந்தா தொடரலாம், நான் தொடர்ந்திருக்கேன்" என்றாள். இடைவேளையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். இடைவேளையில் அவளைச் சுற்றிப் பிள்ளைகள் நின்றார்கள்.