லீவுக்குப் போனவர்களுக்குப் பதிலாக: குல்லுவில் ஒரு குளிர்காலம்

"அறுபது தாண்டின பிறகு வடக்க போய் என்னத்த ஊழியம் செய்யப் போறீங்க? இந்தி வராது, மலை ஏற முடியாது." நாங்கள் இமாச்சலப் பிரதேசத்துக் குல்லுவுக்குக் கிளம்பும் முன் பாளையங்கோட்டையில் பாதிப் பேர் கேட்டது இதைத்தான்.

கேள்வியில் நியாயம் இருந்தது. நான் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள். எங்கள் வீட்டு சார் கணக்கு வாத்தியார். இரண்டு பேருக்கும் முழங்கால் வலி உண்டு. புதிதாக ஒரு சபையைத் தொடங்கி வளர்க்கிற வயதெல்லாம் தாண்டிவிட்டது. மிஷனரி சங்கத்து அலுவலகத்தில்தான் எங்களுக்கு விஷயத்தை விளங்கவைத்தார்கள். "நீங்க புதுசா ஒண்ணும் செய்ய வேண்டாம்மா. அங்க இருக்கிற குடும்பம் ஊருக்கு வந்துட்டுத் திரும்புற வரைக்கும் பணித்தளத்தைப் பூட்டாம பாத்துக்கிட்டா போதும்."

வடக்கே இருக்கும் நம் ஊர் மிஷனரிகளில் பலர் சின்னப் பிள்ளைகள் உள்ள இளம் குடும்பங்கள். மலைப் பகுதிகளில் குளிர்காலத்தில்தான் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. கிறிஸ்துமஸும் அப்போதுதான். எல்லோரும் ஒரே சமயத்தில் தெற்கே வரத் துடிப்பார்கள். ஆனால் ஒரு சின்ன கிளினிக்குக்கு ஆள் அதிகம் தேவைப்படுவதும் அதே மாதங்களில்தான். பள்ளிக்கு அனுப்பப் பிள்ளை இல்லாமல், மாதாமாதம் பென்ஷன் வந்துகொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பக்கூடியவர்கள் யார்? எங்களைப் போன்ற ரிட்டயர்டு தம்பதிகள்தான். 1903-லேயே இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டு டோர்னக்கலுக்கு ஆள் அனுப்பிய மாவட்டம் இது. ஞாயிறு பள்ளியில் மிஷனரி உண்டியல் குலுக்கி வளர்ந்தவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. நாமே கிளம்புவோம் என்பதுதான் புதுசு.

விண்ணப்பத்தில் எழுத்து வேலை குறைவுதான். படிவம், சேகரத்து ஐயரின் (சபைப் போதகரின்) சிபாரிசுக் கடிதம், ஒரு பக்கத்தில் நம் விசுவாச அனுபவத்தைச் சொல்லும் சாட்சி, நம்மைத் தெரிந்த இரண்டு பேரின் பெயர். அப்புறம் மருத்துவச் சான்று. வயதானவர்களை வடிகட்டுவது இந்த இடத்தில்தான். ஈசிஜி, எக்கோ, ட்ரெட்மில், சர்க்கரை, கிரியாட்டினின் எல்லாம் பார்த்தார்கள். சாருக்கு பிரஷர் மாத்திரையின் அளவை மாற்றி, மாதக்கணக்கில் குறித்துவைத்த பிறகுதான் கையெழுத்து கிடைத்தது. பல்லையும் முடித்துவிட்டு வரச் சொன்னார்கள். அப்போது சிரித்தோம். ரோடு மூடிக்கிடக்கும்போது கடைவாய்ப்பல் வலித்தால் என்ன ஆகும் என்று அங்கே போன பிறகு புரிந்தது.

இழுத்தடித்தது வேறொன்று. நான் பதிவு செய்திருப்பது தமிழ்நாட்டு செவிலியர் கவுன்சிலில். சம்பளம் வாங்காவிட்டாலும் இன்னொரு மாநிலத்தில் ஊசி போட வேண்டுமென்றால் அந்த மாநிலத்திலும் பதிவு வேண்டும். அதற்கு இங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். ஓய்வுபெற்ற நர்ஸ்கள் பலர் இதை யோசிப்பதே இல்லை. சேவைதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்கிறார்கள். ஏதாவது தவறாகிப்போனால் முதலில் கேட்கப்படும் கேள்வியே அதுதான்.

பென்ஷன் நேர்காணலையும் முடித்துக்கொண்டு திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏறினோம். மூன்றாம் நாள் டெல்லி நிஜாமுதீன். காஷ்மீரி கேட்டில் இரவு வால்வோ பஸ். விடிந்த பிறகு பட்லிகுல்லில் இறங்கி, பியாஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, நக்கர் பக்கம் மேலே ஏறினால் எங்கள் ஊர். உயரம் சுமார் 1800 மீட்டர். ஊட்டியைவிடக் குறைவுதான் என்று சார் தெம்பாகச் சொன்னார். ஊட்டியில் குழாய்த் தண்ணீர் உறைந்து குழாய் வெடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

லீவுக்குக் கிளம்பும் குடும்பத்தோடு சில நாட்கள் சேர்ந்து இருந்ததுதான் உண்மையான பயிற்சி. அந்தத் தங்கச்சி எனக்கு ஜெபக் குறிப்பைக் கொடுப்பதற்கு முன்னால் தந்தூரைக் காட்டிக்கொடுத்தாள். ரொட்டி சுடும் தந்தூர் இல்லை இது. அறையின் நடுவில் தகரத்தில் செய்த அடுப்பு, அதிலிருந்து கூரைக்கு வெளியே போகும் புகைக்குழாய். மேலே எப்போதும் ஒரு கெட்டில் கொதித்துக்கொண்டிருக்கும். குளிர்காலம் முழுவதும் வீடு என்பது அந்த ஓர் அறைதான். சமையல், படிப்பு, ஜெபம், தூக்கம், வந்தவர்களோடு பேச்சு எல்லாம் அதைச் சுற்றியே நடக்கும். சாம்பலைத் தினமும் அள்ள வேண்டும், குழாயில் படியும் கரியை அவ்வப்போது தட்ட வேண்டும். ராத்திரி படுக்கும் முன் தண்ணீர்க் குழாயைச் சொட்டுச் சொட்டாக விழ விட வேண்டும். ஓடுகிற தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் உறையாது. வெளியே தெரியும் குழாய்க்குச் சாக்குத் துணி சுற்ற வேண்டும். இட்லி மாவு பொங்க வேண்டுமானால் அதுவும் தந்தூர் பக்கத்தில்தான் தூங்க வேண்டும்.

கிளினிக் என்று சொன்னால் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு அறை, ஒரு ஆக்சிஜன் சிலிண்டர், வாரம் ஒருநாள் வந்துபோகும் டாக்டர். மற்ற நாட்களில் டிரெஸ்ஸிங், பிரஷர் பார்ப்பது, அவர் எழுதிய மாத்திரைகளைக் கொடுப்பது, தேவைப்பட்டால் போன் போட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. இந்தி நான் கொஞ்சம் படித்துப் போனேன், ஆனால் பாட்டிமார் பேசுவது குல்லுயி. உதவிக்கு இருந்த பெண் இல்லாவிட்டால் என் பாடு திண்டாட்டம்தான்.

முதல் வேலையாக, பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுக்கும் எல்லோருக்கும் ஒரு பட்டியல் போட்டு, பனி விழும் முன்பே டாக்டரைக் கேட்டு இரண்டு மாத மாத்திரையைக் கையில் கொடுத்தோம். குளிரில் பிரஷர் ஏறும். அந்த நேரம் பார்த்து மாத்திரை தீர்ந்து, கடைக்குப் போகவும் வழியில்லாமல் போனால் பக்கவாதம்தான். பிறகு வந்ததெல்லாம் நான் பாளையங்கோட்டையில் பார்க்காத கேஸ்கள். கால்விரல்கள் சிவந்து வீங்கி, தாங்க முடியாத அரிப்போடு வருவார்கள். குளிரில் விறைத்த காலை நேராக நெருப்பில் காட்டினால் அது இன்னும் மோசமாகும். மெதுவாகச் சூடேற்றிச் சாக்ஸ் போடச் சொல்ல வேண்டும். பனிக்கட்டியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர்கள், கெட்டில் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகள், வருடக்கணக்கில் அடுப்புப் புகையைக் குடித்து நுரையீரல் கெட்ட பாட்டிமார்.

ஒரு வீட்டை மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும். ஆப்பிள் தோட்ட வேலைக்கு வந்த நேபாளிக் குடும்பம், ஒற்றை அறை. அம்மா தலைவலி என்று மாத்திரை வாங்க வந்தாள். மறுநாள் புருஷன், அதே தலைவலி. குழந்தை காலையில் வாந்தி எடுக்கிறது என்றார். மத்தியானம் ஆனால் எல்லோருக்கும் சரியாகிவிடுகிறதாம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே தலைவலி என்றால் அது தலையில் உள்ள கோளாறு இல்லை. நானும் கிளினிக்கில் உதவிக்கு இருந்த பெண்ணும் போய்ப் பார்த்தோம். தந்தூர் கிடையாது, அங்கீட்டி. இரும்புச் சட்டியில் கரி கனன்றுகொண்டிருக்கிறது, ஜன்னல் இடுக்கிலெல்லாம் பிளாஸ்டிக் திணித்து அடைத்திருக்கிறார்கள். கரியில் புகை தெரியாது, வாசனையும் வராது. கார்பன் மோனாக்சைடு அப்படித்தான் தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோகும். வட இந்தியாவில் குளிர்காலம் வந்தால் பத்திரிகையில் இந்தச் செய்தி தவறாது. சட்டியை வெளியே எடுக்கச் சொன்னால், "அப்ப பிள்ளை குளிரில் சாகட்டுமா, மாதா ஜி?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. தோட்டத்துச் சொந்தக்காரரிடம் பேசி, பழைய தந்தூர் ஒன்றையும் புகைக்குழாயையும் வாங்கி மாட்டும் வரைக்கும் அவர்கள் கிளினிக்கின் பின்னறையில் படுத்துக்கொண்டார்கள். அதன்பின் எந்த வீட்டுக்குப் போனாலும் நோயாளியைப் பார்க்கும் முன் நான் அண்ணாந்து புகைக்குழாயைத்தான் பார்ப்பேன்.

சாருக்கு வேலை தானாக வந்து சேர்ந்தது. இமாச்சல் போர்டின் பத்தாம் வகுப்புத் தேர்வு மார்ச்சில். லீவில் பிள்ளைகள் கணக்கை மறந்துபோவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் தன் மகனைக் கொண்டுவந்து விட்டார். வாரம் போகப்போகக் கூட்டம் சேர்ந்தது. எங்கள் தந்தூரைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து திரிகோணமிதி. சாரின் இந்தி சிரிப்பை வரவழைக்கும், ஆனால் சைனும் காஸும் எல்லா ஊரிலும் ஒன்றுதானே. மாஸ்டர்ஜி என்ற பட்டம் வந்துவிட்டது. ட்யூஷன் காசுக்குப் பதிலாக ஆப்பிள் மரக் கிளைகள் வந்து குவிந்தன. குளிர்காலத்தில்தான் மரங்களைக் கவாத்து பண்ணுவார்கள், வெட்டிய கிளைதான் எங்களுக்கு விறகு.

முதல் பனி விழுந்த அன்று எனக்குப் பயம், ஊருக்குத் திருவிழா. ஆப்பிள் மரத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் மணி நேரமாவது கடுங்குளிர் வேண்டுமாம், இல்லாவிட்டால் பூ சரியாகப் பிடிக்காது. இந்த மாநிலத்தில் இப்போது பெயர்பெற்ற டெலிஷியஸ் வகைகளை 1916-ல் கோட்கரில் கொண்டுவந்து வைத்த ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர், 1904-ல் தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய மிஷன் தொண்டராக வந்தவர். பின்னாளில் அவர் இந்துவாகவே மாறி சத்யானந்த் என்று பெயர் வைத்துக்கொண்டார். இதை எனக்குச் சொன்னவர் தோட்டக்காரர்தான், கண்ணில் கொஞ்சம் குறும்போடு.

மதம் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். இமாச்சலில் 2006-லேயே மதமாற்றத் தடைச் சட்டம் வந்துவிட்டது, 2019-ல் அதை இன்னும் கடுமையாக்கினார்கள். கிளினிக்கில் துண்டுப் பிரதி கிடையாது, யாராவது கேட்டால் ஒழிய ஜெபமும் கிடையாது என்பது சங்கம் எங்களுக்குப் போட்ட விதி. சட்டத்துக்காக மட்டும் இல்லை, மாத்திரை வாங்க வந்தவரிடம் பிரசங்கம் பண்ணுவது எனக்கே பிடிக்காது. ஞாயிறு ஆராதனைக்கு ஹாலில் சிலர் வருவார்கள், இந்தி பஜனும் நேபாளிப் பாட்டும் டோலக்கோடு நடக்கும். கிறிஸ்துமஸும் அப்படியே, கேக்குக்குப் பதில் சித்து என்கிற, ஆவியில் வேகவைத்து நெய் ஊற்றிய ரொட்டி. ஆனாலும் நடுராத்திரி ஆராதனை மணி கேட்காதது எங்கள் இருவருக்குமே அன்று வருத்தமாகத்தான் இருந்தது.

இந்தப் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தேவதா உண்டு. மகர சங்கராந்தியோடு பல தேவதாக்கள் சொர்க்கத்துக்கு சபை கூடப் போய்விடுவதாக நம்பிக்கை. மணாலி பக்கம் கோஷல் முதலான ஊர்களில் ஜனவரி 14 தொடங்கி 42 நாள் சத்தமே போடக் கூடாது. டிவி இல்லை, மண்ணைக் கிளறுவது இல்லை. அங்கிருந்து மகள் வீட்டுக்கு வந்த ஒரு பாட்டி, கிளினிக்கில் யாரோ சத்தமாக போனில் பேசியதற்குக்கூட முகம் சுளித்தாள். எனக்கு ஈஸ்டருக்கு முந்தைய எங்கள் லெந்து (தவக்கால) நாட்களின் ஞாபகம் வந்தது. நாங்கள் அந்த 40 நாளில் இந்த அளவுக்கு வாயை அடக்குகிறோமா என்பது சந்தேகம்தான்.

ரோத்தாங் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் லாஹூல்காரர்கள் பலருக்கு இங்கே கீழே ஒரு வீடு உண்டு, குளிருக்கு இறங்கிவிடுவார்கள். 2020-ல் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு போகவர வசதி, முன்பெல்லாம் ரோத்தாங் மூடினால் மூடினதுதான். அப்படி வந்த ஓர் அம்மாவுக்குக் காலில் ஆறாத புண், தினமும் டிரெஸ்ஸிங். கட்டுப்போடும் நேரம் முழுக்க அவள் கை சும்மா இராது, வண்ண வண்ண நூலில் சாக்ஸ் பின்னிக்கொண்டே இருப்பாள். புண் ஆறிய அன்று ஒரு ஜோடியை என் மடியில் போட்டாள். யாரிடம் கற்றாய் என்று கேட்டேன். அம்மாவிடம், அம்மா பாட்டியிடம், பாட்டிக்கு முன்னால் லாஹூலின் கேலாங் ஊரில் இருந்த மேம் சாகிப் என்றாள். அந்த மேம் சாகிப் மரியா ஹைடே. 1856-ல் கேலாங்கில் மொரேவியன் என்ற புராட்டஸ்டண்ட் சபையின் பணித்தளத்தை நிறுவியவர்களில் ஒருவரான வில்ஹெல்ம் ஹைடேயின் மனைவி. புருஷனும் பெண்சாதியுமாக ஏறக்குறைய 40 வருடம் அந்தப் பனியில் இருந்தார்கள். சபையில் சேர்ந்தவர்கள் வெகு சிலர்தான். மரியா நடத்திய பின்னல் வகுப்பு மட்டும் வீடு வீடாகப் பரவியது. லாஹூல் சாக்ஸுக்கும் கையுறைக்கும் இப்போது புவிசார் குறியீடே உண்டு.

பிப்ரவரிக் கடைசியில் அந்தக் குடும்பம் திரும்பியது. சாவி, மருந்து ஸ்டாக் பதிவேடு, பிரஷர் பட்டியல், எந்தெந்த வீட்டில் புகைக்குழாய் ஓட்டையாக இருக்கிறது என்ற குறிப்பு எல்லாவற்றையும் ஒப்படைத்தோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தேர்வு முடிகிறவரை மாஸ்டர்ஜி இருக்க வேண்டும் என்று அடம் பிடித்ததால் மார்ச்சையும் அங்கேயே கழித்துவிட்டு இறங்கினோம்.

போக நினைப்பவர்கள் ஜூன் மாதமே வேலையைத் தொடங்குங்கள். நர்ஸாக இருந்தால் கவுன்சில் சான்றுக்கு முதலில் எழுதுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. ஸ்வெட்டரை இங்கே வாங்க வேண்டாம், இங்கே கிடைப்பது கொடைக்கானலுக்குத்தான் தாங்கும். குல்லுவில் இறங்கிப் பட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளூர்க் கம்பளிக்கு அங்கே அதுதான் பெயர். கடைசியாக, முழங்கால் வலி இருந்தால் அங்கே வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். நேர்முகத்தில் சார் கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஒன்று வைத்துவிட்டார்கள்.