பிறந்த ஊர் என்ற கட்டம்

சென்னையில் ஒரு டேட்டா என்ட்ரி நிறுவனத்தில் சேர்ந்த முதல் மாதம். 1861-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஸ்கேன் பக்கங்களைப் பார்த்து, கையெழுத்தில் உள்ளதை அப்படியே தட்டச்சு செய்வது வேலை. எனக்கு வந்தது பெரிக்‌ஷயர், இங்கிலாந்து எல்லையை ஒட்டிய மாவட்டம்.

ஒரு பக்கத்தில் ஓர் உழவர் குடும்பம். பிறந்த ஊர் கட்டத்தில் மாவட்டப் பெயருக்குக் கீழே வரிசையாக 'டிட்டோ'. ஊரும் அப்படித்தான் என்று நினைத்து நான்கு பிள்ளைகளுக்கும் ஒரே ஊரைப் போட்டுவிட்டேன். சரிபார்க்கும் அக்கா கூப்பிட்டார். "பெரிசாக்கிப் பாரும்மா. மாவட்டம்தான் டிட்டோ, ஊர் ஒவ்வொண்ணும் வேற." ஒன்பது வயது மூத்தவள் ஸ்விண்டன், அடுத்தவன் எக்கிள்ஸ், அப்புறம் கோல்ட்ஸ்ட்ரீம், கைக்குழந்தை டன்ஸ்.

ஏன் இப்படி என்று மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்தேன். இந்த உழவர்களை அந்தக் காலத்தில் அங்கே 'ஹைண்ட்' என்பார்கள். வேலை ஒப்பந்தம் ஒரே ஒரு வருடத்துக்கு. கூலியில் பெரும்பகுதி ஓட்ஸ், பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு நடக் கொஞ்சம் நிலம், ஒரு பசுவுக்குத் தீனி என்று பொருளாகவே வரும். குடியிருப்பது பண்ணையின் வீடு. வேலை போனால் வீடும் போச்சு. மார்ச்சில் ஆள் எடுக்கும் சந்தை கூடும். மே மாதம் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு, பசுவையும் கூட்டிக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போவார்கள். கதவு வைத்த பெட்டிக் கட்டில்களும் கூடவே போகும். அவற்றைக் குறுக்கே நிறுத்தித்தான் ஒற்றை அறையை இரண்டாக்குவார்கள்.

மறுநாள் அதே பக்கத்தைத் திறந்தேன். குடும்பத்தில் ஏழாவதாக ஒரு பெண், வயது 19, உறவுக்காரி இல்லை. தொழில் 'பாண்டேஜர்'. வயல் வேலைக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவருவது ஹைண்டின் பொறுப்பு, அது ஒப்பந்தத்திலேயே உண்டு. மகள் வளர்ந்திருந்தால் அவள் போவாள். இல்லையென்றால் வெளியிலிருந்து ஒருத்தியை அமர்த்தி, சம்பளம் கொடுத்து, தன் வீட்டிலேயே தங்கவைத்துச் சோறும் போட வேண்டும். அவள் வேலை செய்த நாளுக்கு மட்டும்தான் பண்ணைக்காரர் கூலி கொடுப்பார். மழை பெய்தால் நஷ்டம் உழவருக்கு. டர்னிப் வயலில் களை கொத்துவதும் கல் பொறுக்குவதும் அந்தப் பெண்ணின் வேலை. அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

மனைவியின் தொழில் கட்டத்தில் இருந்தது 'உழவர் மனைவி', அவ்வளவுதான். அந்த வட்டாரப் பண்ணைகளில் வீட்டு வாடகைக்கு ஈடாக அறுவடையில் கதிர் அறுத்துக் கொடுப்பது பெரும்பாலும் மனைவிதான். வாடகையைக் கட்டுகிறவளுக்குத் தொழில் இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். எத்தனை பக்கம் அடித்தாலும் அந்த இரண்டு சொற்களில் என் விரல் நின்று நின்றுதான் போகும்.

கடைசிக் கட்டம், ஜன்னல் உள்ள அறைகள் எத்தனை என்பது. ஸ்காட்லாந்தில் அந்த வருடம்தான் முதல்முறையாக இதைக் கேட்டார்கள். இந்த வீட்டுக்கு 1. ஏழு பேர், ஒரே அறை.

கணக்கெடுத்தது ஏப்ரல் 7 இரவு. மார்ச் சந்தை முடிந்திருந்தது. மே மாதம் இங்கேயா, வேறு ஊரா என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். நான் பிள்ளைகளின் ஊர்களைத் திருத்திவிட்டு, முகவரிக் கட்டத்தில் இருந்த பண்ணையின் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன்.