அரசு ஆவன செய்யுமா?

சட்டமன்ற வினாவுக்கு ஓர் இலக்கணம் உண்டு. எவ்வளவு பெரிய துயரமாக இருந்தாலும் அதை ஒரே வாக்கியத்துக்குள் அடக்கி, கடைசியில் ‘அரசு ஆவன செய்யுமா?’ என்று முடிக்க வேண்டும். கோபம் கூடாது, வாதம் கூடாது, அலங்காரம் கூடவே கூடாது. பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்த நான் சென்னையில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு வேலைக்கு வந்தபோது முதலில் பழகியது இதைத்தான். வினாக்கள், ஒரு துறைக்கான நிதியைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானங்கள், துறைவாரியாக அரசு நிதி கேட்கும் மானியக் கோரிக்கை மீதான உரைகளுக்கான குறிப்புகள், பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் என் மேசையில்தான் உருவாகின்றன. உறுப்பினரை நாங்கள் ‘அண்ணன்’ என்று அழைக்கிறோம். அவருடைய கட்சியையும் தொகுதியையும் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால், படிப்பவர்கள் அந்த இரண்டை வைத்தே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

முற்போக்காளர் என்று பெயரெடுத்தவர். எதை ஆதரிக்கிறார், எதை எதிர்க்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ள அவருடைய மேடைப் பேச்சே போதும். ஆனால் ஒரு திட்டத்தில் அவர் கண் முதலில் எங்கே போகிறது என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால்தான் பார்க்க முடியும். புதிய அரசாணை வந்தால் முதல் பக்கத்தைத் தள்ளிவிட்டு, நேராகத் தகுதியின்மைகள் என்ற பகுதிக்குப் போய்விடுவார். “யாருக்குக் கிடைக்கும் என்பதை அமைச்சரே சொல்லிவிடுவார், தம்பி. யாருக்குக் கிடைக்காது என்பதை நாம்தான் படித்துப் பார்க்க வேண்டும்” என்பார்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், காஞ்சிபுரத்தில் தொடங்கியது. மாதம் 1000 ரூபாய், ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களுக்கு. வீட்டில் பெண் செய்யும் வேலைக்கு மதிப்பு உண்டு என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது சிறிய காரியமல்ல என்பது அண்ணனின் கருத்து. அதை எந்த மேடையிலும் சொல்லத் தயங்கமாட்டார். பிறகுதான் நிபந்தனைகளுக்கு வருவார். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நன்செய் ஐந்து ஏக்கருக்குள், புன்செய் பத்து ஏக்கருக்குள். வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குள். நிலக்கணக்கு சென்னைக்காரர்கள் பெரும்பாலானோரைத் தொடாது. மின்சாரக் கணக்கு தொட்டது.

எங்கள் மனு மேசைக்கு ஓர் அம்மா வந்தார். காலையில் வாசலில் இட்லி போட்டு விற்பவர், கணவர் இல்லை. ஒண்டுக்குடித்தனம், ஒரே வளாகத்தில் நான்கு குடும்பங்கள், வீட்டு உரிமையாளர் பெயரில் ஒரே மின் இணைப்பு. ஆளுக்கு ஒரு சிறிய துணை மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் வசூலித்துக்கொள்கிறார். அரசு கொடுக்கும் இலவச 100 யூனிட் இந்த அம்மாவை எட்டியதே இல்லை. ஆனால் விண்ணப்பத்தில் மின் இணைப்பு எண்ணைக் கேட்டார்கள், இருந்த ஒரே எண்ணைக் கொடுத்தார். நான்கு குடும்பங்களின் விளக்கும் விசிறியும் மாவு அரைக்கும் கிரைண்டரும் அவர் ஒருவரின் கணக்கில் ஏறின. அலைபேசியில் நிராகரிப்புச் செய்தி வந்துவிட்டது. செய்தியைக் காட்டும்போது அவர் புடவைத் தலைப்பால் திரையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், மாவு ஒட்டியிருந்தது. “நான் பணக்காரியாம், தம்பி” என்று சிரித்தார்.

கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய வழி இருந்தது, இ-சேவை மையத்தின் மூலமாக. அத்துடன் அண்ணனின் பரிந்துரைக் கடிதம் ஒன்றை இணைத்தால் போதும் என்று நான் நினைத்தேன். அவருக்கு மனமில்லை. “கடிதம் கொடுத்தால் இந்த அம்மாவுக்குக் கிடைக்கும். கடிதம் வாங்கத் தெரியாத அம்மாவுக்கு? விதி அப்படியேதானே இருக்கும்?” நான் விடவில்லை. விதி மாறும்வரை இவர் எதை வைத்து வாடகை கொடுப்பார் என்று கேட்டேன். சற்று நேரம் முறைத்துப் பார்த்தவர், கடைசியில் இரண்டையும் செய்யச் சொன்னார். கடிதம் அன்றே போனது. ஒரே மின் இணைப்பில் பல குடும்பங்கள் வசிக்கும் இடங்களில் துணை மீட்டர் அளவைக் கணக்கில் எடுத்துக்கொள்ள அரசு ஆவன செய்யுமா என்ற வினாவை அதற்குப் பிறகு எழுதினேன். கொள்கைக்காரர்களிடம் வேலை பார்ப்பதில் உள்ள சிரமம் இது: ஊருக்கே நியாயம் தேடுகிற வேகத்தில், எதிரே உட்கார்ந்திருப்பவரைக் காக்க வைத்துவிடுவார்கள். நம்மைப் போன்றவர்கள் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நிபந்தனை இல்லாத திட்டங்களே நிலைக்கும் என்பது அவர் அழுத்தமாக நம்பும் ஒன்று. 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டை வைத்து ரேஷனைப் பிரித்தபோதும் தமிழ்நாடு எல்லோருக்குமான பொது விநியோகத்தைக் கைவிடவில்லை. அந்த முடிவால் கடைசி மனிதர் வரை அரிசி போய்ச் சேர்ந்தது என்பார். 2022இல் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவான காலை உணவுத் திட்டத்திலும் அப்படித்தான். குழந்தை வரிசையில் உட்கார்ந்தால் தட்டில் உப்புமா விழும். சான்றிதழ் கேட்பதில்லை. 2021 மே மாதம் வந்த மகளிர் கட்டணமில்லாப் பயணத்துக்கும் விண்ணப்பம் கிடையாது; ஏறி உட்கார்ந்தால் நடத்துநர் பூஜ்யம் போட்ட டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். அங்கும் அண்ணன் ஒரு நிபந்தனையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். அந்தச் சலுகை சாதாரணக் கட்டண பஸ்களுக்கு மட்டும். காலை நேரத்தில் நிறுத்தத்தில் நின்று பாருங்கள், சொகுசு பஸ் ஒன்று காலியாகப் போகும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பார்கள். தாமதத்துக்கு முதலாளியம்மாவிடம் வாங்கும் திட்டு எந்தச் செலவுக் கணக்கிலும் வராது.

தொழிலாளர் விஷயத்தில் அவருடைய கேள்வி கொஞ்சம் மாறும்: ‘வேண்டாம்’ என்று சொல்ல இவரால் முடியுமா? 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று பேரவை சட்டம் இயற்றியது. ரங்கநாதன் தெருவில் நாள் முழுக்க நின்றே கால் நரம்பு புடைத்த பெண்களை நினைத்தால் மகிழ்ச்சியான நாள்தான். அந்தத் திருத்தத்தைப் பற்றிக் குறிப்பு எடுக்க ஒரு ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். ஸ்டூல் இருந்தது. அதன்மேல் மடித்த சேலைகள் அடுக்கப்பட்டிருந்தன. “உட்காரலாம் சார், யாரும் தடுக்கமாட்டார்கள்” என்றார் அங்கிருந்த பெண். கண் மட்டும் மேற்பார்வையாளர் பக்கம் போய் வந்தது.

2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேறிய தொழிற்சாலைகள் திருத்த மசோதாவைப் பற்றியும் இதே கேள்விதான். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேலை நேர வரம்புகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்களிக்க அது வழிசெய்தது. பன்னிரண்டு மணி நேர வேலை மசோதா என்றே ஊரில் பெயர். விரும்பும் தொழிலாளர்களுக்கு மட்டும்தான் என்று அரசு விளக்கியது. தோழமைக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மூன்றாம் நாள் நிறுத்திவைக்கப்பட்டு, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். “ஒப்பந்தத் தொழிலாளியின் விருப்பத்தை எங்கே போய் அளப்பது?” என்று அலுவலக இளைஞர்களிடம் அண்ணன் கேட்டது நினைவிருக்கிறது. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் இரண்டு மண்டலங்களின் வேலை தனியாருக்குப் போவதை எதிர்த்து உட்கார்ந்தபோதும், 13ஆம் தேதி இரவில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தியபோதும் அவர் இதையேதான் சொன்னார். பணி நிரந்தரம் இருந்தால்தான் மறுக்கும் உரிமை இருக்கும். என் பார்வையில் அவர் சொன்னவற்றிலேயே பிசிறில்லாத வாதம் அதுதான்.

பேரவையில் பேசக் கிடைக்கும் நிமிடங்கள் குறைவு. அதில் தலைவர்களுக்கு நன்றி, மூத்தவர்களுக்கு வணக்கம், தொகுதி மக்களுக்குப் பாதம் பணிதல் என்று வழக்கமான வாசலைக் கடப்பதற்குள் பேரவைத் தலைவர் மணியடித்துவிடுவார். நன்றியை ஒரே வரியாகச் சுருக்கித் தருவதில் எனக்கு ஒரு கைத்திறமை வந்திருக்கிறது. அதற்காகக் கட்சிக்காரர்கள் சிலர் என்னிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

குடிசை மாற்றம் பற்றிய உரைக்குத்தான் அதிகம் அலைந்தேன். 1970இல் ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்’ என்ற முழக்கத்துடன் தொடங்கியது குடிசை மாற்று வாரியம். குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டிக் கொடுப்பது அந்தக் காலத்து வழி. பட்டினப்பாக்கத்திலும் மயிலாப்பூரிலும் அந்தக் கட்டடங்களைப் பார்க்கலாம். 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று மக்கள் தெற்கே நகர்த்தப்பட்டார்கள். 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் கீழே ஒரு பெரியவரைச் சந்தித்தேன். கூவம் கரையில் இருந்தவர், பாரிமுனையில் மூட்டை தூக்கியவர். வீடு நன்றாக இருக்கிறது என்றார், கதவைத் தட்டியும் காட்டினார். விடியற்காலை மூன்று மணிக்கு லாரி வரும்போது தன்னால் அங்கே இருக்க முடியாது, அவ்வளவுதான் என்றார். அண்ணனின் கோரிக்கை இரண்டே வரி: இருந்த இடத்துக்கு அருகிலேயே வீடு, அது இயலாதென்றால் கல்வியாண்டின் நடுவில் யாரையும் இடம் மாற்றக் கூடாது. கரையோரம் வெள்ளத்துக்கு ஆபத்தான இடம் என்று அதிகாரிகள் சொல்வதை அவர் மறுப்பதில்லை. பெரும்பாக்கமும் சதுப்பு நிலத்தை ஒட்டித்தானே இருக்கிறது என்று திருப்பிக் கேட்பார்.

நாங்கள் இருவரும் ஒத்துப்போகாத இடம் டாஸ்மாக். மதுவிலக்குக்கும் ஆயத்தீர்வைக்கும் ஒரே துறை, ஒரே மானியக் கோரிக்கை. 2023 ஜூனில் 500 கடைகள் மூடப்பட்டன. 2023-24இல் வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. உரிமைத் தொகைக்கு ஆண்டுக்கு 13 ஆயிரம் கோடிக்கு மேல் வேண்டும். ஒரு வீட்டில் கணவர் கடையில் கொடுப்பதும் மனைவி வங்கியில் எடுப்பதும் ஒரே பணம்தான் என்று உரைக் குறிப்பில் எழுதியிருந்தேன். அண்ணன் அதை அடித்தார். பேச்சுக்கு நன்றாக இருக்கும், ஆனால் பாதி உண்மை என்றார். 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்த பிறகு, மாநிலம் தானாக வரி விதிக்கக்கூடிய பெரிய இனங்கள் மதுவும் பெட்ரோல் டீசலும் பத்திரப்பதிவும் வாகன வரியும்தான். மற்றவற்றின் விகிதத்தை மத்திய, மாநில அமைச்சர்கள் அடங்கிய ஜி.எஸ்.டி. மன்றம் முடிவு செய்கிறது. நாளைக்கே கடைகளை மூடு என்று முழங்கிவிட்டு, சத்துணவுக்குப் பணம் எங்கே என்று யாராவது கேட்டால் நழுவுகிற அரசியல் தனக்கு வேண்டாம் என்றார்.

நியாயம்தான். ஆனால் மனு மேசையில் உட்காருபவன் நான். கணவர் குடியை நிறுத்த ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டு வரும் பெண்களிடம் வரிப் பகிர்வைப் பற்றி விளக்க முடியாது. இந்த முறையும் வாக்குவாதம் நீண்டது. முடிவில் குறிப்பில் இடம்பெற்றவை மூன்று: குடியிருப்புப் பகுதிக் கடைகளை மூடுவதற்கான கால அட்டவணையை அவையில் வைக்க வேண்டும், அரசு மருத்துவமனைகளில் குடிநோய் சிகிச்சைக்குக் கூடுதல் படுக்கைகள் வேண்டும், மது வருவாயை ஆண்டுதோறும் எவ்வளவு குறைப்பது, அந்த இடத்தை எந்த வருவாயால் நிரப்புவது என்று நிதித்துறை வெள்ளை அறிக்கை தர வேண்டும். மூன்றாவது அவருடையது, இரண்டாவது என்னுடையது. முதலாவதை யார் சொன்னது என்பதில் எங்களுக்குள் இன்னும் தகராறு இருக்கிறது.