லேப்டாப்பின் வேகம் ஏன் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது?

விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, புராசசர் பக்கத்தில் வேகம் என்று காட்டும் எண்ணைக் கொஞ்ச நேரம் பாருங்கள். 0.9, 2.7, 1.4, 3.2 என்று ஓடிக்கொண்டே இருக்கும். வாங்கும்போது 1.6 ஜிகாஹெர்ட்ஸ் (விநாடிக்கு 160 கோடி கடிகாரத் துடிப்பு) என்றோ 3.4 வரை என்றோ சொல்லியிருப்பார்கள், இங்கே இரண்டுமே இல்லாமல் வேறு ஏதோ காட்டும். இதைப் பார்த்துவிட்டுப் புராசசர் பழுதா, கடையில் ஏமாற்றிவிட்டார்களா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். பழுதெல்லாம் இல்லை. அது அப்படித்தான் ஓட வேண்டும்.

பேட்டரியை மிச்சப்படுத்தத்தான் இந்த ஏற்ற இறக்கம் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் வேகத்தைக் குறைத்தால் எப்படி மிச்சமாகும்? ஒரு வேலைக்கு நூறு கோடிக் கணக்குப் போட வேண்டும் என்றால், வேகமாகப் போட்டாலும் மெதுவாகப் போட்டாலும் அதே நூறு கோடிதான். பாதி வேகத்தில் இரண்டு மடங்கு நேரம் ஓடினால் மொத்தச் செலவு ஒன்றுதானே? வேகத்தை மட்டும் குறைத்தால் உண்மையிலேயே அப்படித்தான் ஆகும், ஒன்றும் பெரிதாக மிஞ்சாது. மிச்சம் வருவது வோல்டேஜைக் குறைப்பதில்.

புராசசர் சிப்புக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள், அதாவது நுண்ணிய மின் சுவிட்சுகள், ஒவ்வொரு முறை நிலை மாறும்போதும் கொஞ்சம் மின்னூட்டத்தை ஏற்றி இறக்க வேண்டியிருக்கிறது. அதற்கு ஆகும் செலவு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடும், அதாவது வோல்டேஜ் பாதியானால் செலவு கால்வாசி. சரி, அப்படியானால் எப்போதுமே குறைந்த வோல்டேஜில் ஓட்டிவிடலாமே என்றால், முடியாது. வேகம் கூடக் கூட, ஒரு கடிகாரத் துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது, அதற்குள் டிரான்சிஸ்டர்கள் மாறி முடிக்க வேண்டும், வோல்டேஜ் போதவில்லை என்றால் முடிக்காது, கணக்கு தப்பாகிவிடும். வேகத்தைக் குறைத்தால் அவகாசம் கிடைக்கிறது, அந்த அவகாசத்தில் வோல்டேஜையும் இறக்கிவிடலாம். வேகமும் வோல்டேஜும் ஒன்றாகக் கைகோத்து இறங்கும்போதுதான் லாபம்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பழைய பென்டியம் 3. 2000 ஜனவரியில் இன்டெல் லேப்டாப்புக்கான பென்டியம் 3 புராசசரில் ஸ்பீட்ஸ்டெப் என்ற வசதியைக் கொண்டுவந்தது. சார்ஜரில் இருக்கும்போது 650 மெகாஹெர்ட்ஸ், 1.6 வோல்ட். பேட்டரிக்கு மாறினால் 500 மெகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட். இரண்டே படிகள், அவ்வளவுதான். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள்: வேகம் குறைந்தது 23 சதவீதம். ஆனால் வோல்டேஜின் வர்க்கத்தையும் சேர்த்துப் பெருக்கினால் மின்செலவு கிட்டத்தட்ட 45 சதவீதம் குறைகிறது! கால் பங்குகூட வேகத்தை விட்டுக்கொடுக்காமல் ஏறக்குறைய பாதி மின்சாரம் மிச்சம். அதே ஆண்டில் ஏஎம்டி, டிரான்ஸ்மெட்டா என்ற மற்ற சிப் கம்பெனிகளும் இதே வழியில் வந்தன. டிரான்ஸ்மெட்டாவின் குரூசோ சிப், சார்ஜர் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்காமல், வேலை எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து ஓடும்போதே பல படிகளில் மாறிக்கொண்டது. இன்றைக்கு எல்லா லேப்டாப்பும் அந்த வழியில்தான் போகிறது.

இப்போதைய படிகள் மிக நெருக்கமானவை. முன்பெல்லாம் எந்த வேகம் என்பதை விண்டோஸோ லினக்ஸோ முடிவு செய்து சிப்புக்குச் சொல்லும். 2015இல் வந்த ஸ்கைலேக் தலைமுறையிலிருந்து இன்டெல் அந்தப் பொறுப்பைச் சிப்பிடமே கொடுத்துவிட்டது, மில்லி விநாடிக் கணக்கில் அதுவே முடிவெடுக்கிறது. இன்னும் பல வீடுகளில் ஓடும் ஐ5 8250யூ சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை வேகம் 1.6, டர்போவில், அதாவது கொஞ்ச நேரத்துக்கு அடிப்படையைத் தாண்டி ஓடும்போது, 3.4 வரை போகும், 15 வாட் அளவுக்கு வடிவமைத்தது. டர்போவில் கொஞ்ச நேரம் அந்த 15 வாட்டைத் தாராளமாகத் தாண்டும், பிறகு சூடும் மின் வரம்பும் சேர்ந்து கீழே இழுத்துவிடும். 42 வாட்-மணி பேட்டரி உள்ள லேப்டாப்பில் இந்தச் சிப் இடைவிடாமல் 15 வாட் எடுத்தால், திரையைக் கணக்கில் சேர்க்காமலே மூன்று மணி நேரம் தாங்காது. நாள் முழுக்க ஓடுகிறதென்றால், பெரும்பாலான நேரம் சிப் ஒன்றும் செய்யாமல் இருப்பதால்தான்.

அப்புறம் இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. எப்போதும் ஆகக் குறைந்த வேகத்தில் பூட்டி வைத்தால் பேட்டரி அதிகம் நிற்கும் என்பது சரியல்ல. டிரான்சிஸ்டர்கள் சும்மா இருந்தாலும் மின்சாரம் கசியும். சிப் விழித்திருக்கும் வரை மெமரியும் மற்ற பாகங்களும் சேர்ந்தே விழித்திருக்கும். ஒரு இணையப் பக்கம் திறக்கும் வேலையை இழுத்து இழுத்துச் செய்வதைவிட, சட்டென்று முடித்துவிட்டுக் கோர்களுக்கு (சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதிகளுக்கு) மின்சாரத்தையே துண்டித்து ஆழ்ந்த தூக்கத்துக்குப் போவது பல நேரம் சிக்கனம். அதற்காக உச்சி டர்போவும் சிக்கனமல்ல, கடைசிக் கொஞ்ச வேகத்துக்கு வோல்டேஜ் எக்கச்சக்கமாக ஏறும். நடுவில் எங்கோ ஒரு நல்ல இடம் இருக்கிறது, வேலைக்கு வேலை அது மாறும். அதைத் தேடித்தான் அந்த எண் அலைகிறது.

அதனால் விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் பேலன்ஸ்டு என்ற மின் திட்டத்தை விட்டு மாறாதீர்கள் என்பேன். அதில் புராசசரின் குறைந்தபட்ச நிலை 5 சதவீதம் என்று இருக்கும். ஹை பெர்ஃபார்மன்ஸ் திட்டத்தில் அதையே 100 ஆக்கிவிடுவார்கள், சும்மா இருக்கும்போதும் இறங்க விடமாட்டார்கள். எழுதவும் படிக்கவும் படம் பார்க்கவும் இதனால் ஒரு பயனும் இல்லை.

ஆனால் வேகம் 0.4 அல்லது 0.8இல் ஒட்டிக்கொண்டு, வேலை கொடுத்தாலும் ஏறவே இல்லையென்றால் அது வேறு கதை. முதலில் சார்ஜரைப் பாருங்கள். வேறு கம்பெனி சார்ஜரையோ முனை தேய்ந்த சார்ஜரையோ அடையாளம் தெரியாவிட்டால் சில லேப்டாப்கள் வேண்டுமென்றே புராசசரைக் கட்டிப்போடும். சார்ஜரைப் பிடுங்கியதும் வேகம் ஏறினால் சந்தேகம் உறுதி. அதுவும் இல்லையென்றால் ஃபேனில் தூசி, அல்லது சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கலாம்.

கத்திரி வெயிலில் லேப்டாப் கொதிக்கிறதென்றால் ஒரு வழி உண்டு. பவர் ஆப்ஷன்ஸில் புராசசரின் அதிகபட்ச நிலையை 100இலிருந்து 99 ஆக்குங்கள், டர்போ நின்றுவிடும். சில லேப்டாப்களில் இந்த அமைப்பே தெரியாது, மறைத்திருப்பார்கள். இருந்தால் மாற்றிப் பாருங்கள், ஃபேன் சத்தம் அடங்குவது உடனே தெரியும். வீடியோ எடிட்டிங் மாதிரி கனமான வேலை வந்தால் திரும்ப 100 வைத்துக்கொள்ளலாம்.